தடுப்பாட்டக்காரர் ஜானி கேரி

டப்ளினில் 1919இல் பிறந்த ஜானி கேரி, 1936இல் 250 பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் அணியில் சேர்ந்தபோது முன்வரிசை ஆட்டக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்து மேலாளராக வந்த மாட் பஸ்பிதான் அவரைப் பின்வரிசைக்குக் கொண்டுவந்து, தலைவர் பொறுப்பையும் கொடுத்தார். எதிராளியை மோதிச் சாய்ப்பது கேரியின் வழியல்ல. பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பார். எந்த இடத்தில் ஆடச் சொன்னாலும் ஆடுவார்; ஒருமுறை கோல்கீப்பராகக்கூட நின்றிருக்கிறார்.

அவர் தலைமையில் யுனைடெட் 1948இல் எஃப்.ஏ. கோப்பையையும் 1952இல் லீக் பட்டத்தையும் வென்றது. பிளாக்பூலுக்கு எதிரான அந்தக் கோப்பை இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, 4-2 என வென்றது.

அன்று அயர்லாந்துக்கு இரண்டு கால்பந்துச் சங்கங்கள்; இரண்டுமே முழுத் தீவுக்கும் உரிமை கொண்டாடின. அதனால் 1946 செப்டம்பரில் கேரி மூன்று நாளுக்குள் இரு வேறு அயர்லாந்து அணிகளுக்காக இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார்: 28ஆம் தேதி பெல்ஃபாஸ்டில், 30ஆம் தேதி டப்ளினில். இரண்டிலும் தோல்விதான். அதற்கு 1949இல் பதில் கிடைத்தது. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில், அவர் தலைமையிலான அயர்லாந்து 2-0 என்று வென்றது. பிரிட்டனுக்கு வெளியேயிருந்து வந்த ஓர் அணி, இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வீழ்த்தியது அதுவே முதல்முறை.

ஆட்டத்திலிருந்து 1953இல் விலகியதும் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியின் மேலாளரானார். 1958இல் அது முதல் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்து எவர்ட்டன். 1961இல் அணி ஐந்தாம் இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதே, லண்டனில் ஒரு டாக்ஸிக்குள் வைத்து அவரைப் பதவியிலிருந்து நீக்கினார் எவர்ட்டன் கழகத்தின் தலைவர் ஜான் மூர்ஸ். ஒரு நல்ல மேலாளருக்கு நேர்ந்த அநியாயம் அது. கேரி லெய்டன் ஓரியன்ட் என்ற சிறிய அணிக்குப் போனார். மறு ஆண்டே அதை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். அந்த அணி இன்றுவரை அந்த உயரத்தை வேறெப்போதும் எட்டியதில்லை.

நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டை 1967இல் லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். முதலிடம் அவருடைய பழைய மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனது. 1955 முதல் 1967 வரை அயர்லாந்து அணியின் மேலாளரும் அவரே. ஆனால் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது ஒரு குழு; அந்த ஆண்டுகளின் முடிவுகளுக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமல்ல. பின்னர் மீண்டும் பிளாக்பர்னுக்குத் திரும்பினார். 1971இல் அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க, அவரும் வெளியேறினார். கேரி 1995இல் காலமானார்.