காற்றை ஊதினால் கார் பறக்கும்! அளவு மீறினால் என்ஜின் உருகும்!

அமெரிக்காவில் 1962-ம் ஆண்டு ஒரு புதுமையான கார் விற்பனைக்கு வந்தது. "ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர்" என்பது அதன் பெயர். அதற்குப் பெட்ரோல் மட்டும் போட்டால் போதாது. தனியாக ஒரு சிறு தொட்டியில், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தையும் ஊற்ற வேண்டும்!

ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர் அல்ல இது. பெட்ரோலோடு சேர்ந்து என்ஜினுக்குள்ளேயே போகிற தண்ணீர். உள்ளே சூடு அளவு மீறாமல் தணிப்பது அதன் வேலை. அந்தக் காரில் "டர்போ" இருந்ததுதான் காரணம்.

கொல்லன் துருத்தி

கொல்லன் உலையில் துருத்தியை ஊதினால் நெருப்பு சீறுகிறது அல்லவா? டர்போ செய்வதும் அதைத்தான். என்ஜினில் இருந்து வெளியே போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறு முனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்!

காற்று அதிகம் போனால், அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகம் எரியலாம். சின்ன என்ஜின் பெரிய என்ஜினின் வேலையைச் செய்யும். சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஏரிக்குக் கலிங்கு, டர்போவுக்குக் கதவு

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியே வெளியேறும். கலிங்கு இல்லாவிட்டால் கரை உடையும். டர்போவுக்கும் ஒரு கலிங்கு உண்டு. "வேஸ்ட் கேட்" என்கிறார்கள். அது ஒரு சிறு கதவு. ஒரு ஸ்பிரிங் அதை மூடி வைத்திருக்கும். காற்றின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும், ஒரு ரப்பர் குழாய் வழியாக வரும் அந்தக் காற்றே ஸ்பிரிங்கைத் தள்ளிக் கதவைத் திறக்கும். புகையில் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமலே வெளியே போய்விடும். சக்கரத்தின் வேகம் கட்டுக்குள் நிற்கும்.

ஜெட்பயரில் இந்த அளவு, சதுர அங்குலத்துக்கு வெறும் 5 ராத்தல்! அதற்கே அந்தத் திரவம் தேவைப்பட்டது. திரவத்தை ஊற்றப் பலர் மறந்தார்கள். தொட்டி காலியானால் காரே தன் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், வேகம் வராது. வாங்கியவர்கள் சலித்துக்கொண்டார்கள். 1965-ல் கம்பெனியே டர்போவை இலவசமாகக் கழற்றித் தந்தது.

கலிங்கில் பலகை போடலாமா?

ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிக்க, கலிங்கில் பலகை வைத்து அடைப்பது உண்டு. காரில் அப்படி வைக்கும் பலகைதான் "பூஸ்ட் கன்ட்ரோலர்". அந்த ரப்பர் குழாயில் நடுவே இதைப் பொருத்துவார்கள். கதவுக்குப் போகும் காற்றை இது குறைத்துவிடும். கதவு தாமதமாகத் திறக்கும். அழுத்தம் ஏறும். கார் சீறும்.

ஆபத்து எங்கே இருக்கிறது? காற்றைக் கூட்டிவிட்டுப் பெட்ரோலைக் கூட்டாமல் விடுவதில் இருக்கிறது. அமுக்கிய காற்று சூடாகும். பெட்ரோல் போதாவிட்டால் சூடு இன்னும் ஏறும். நெருப்புப் பொறி பற்றிய பிறகு சீராக எரிய வேண்டிய கலவை, மூலையில் தானாகவே வெடிக்கும். சுத்தியலால் தட்டுவது போல "டங், டங்" என்று கேட்கும். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் கலவையின் சூடோ அதைப்போல் பல மடங்கு! பிஸ்டனில் ஓட்டை விழச் சில விநாடி போதும்.

காது வைத்த கார்

இதற்கு ஸ்வீடன் நாட்டு "ஸாப்" கம்பெனி ஓர் அழகான வழி கண்டது. அங்கே டர்போ நிபுணராக இருந்தவர் பெர் கில்பிராண்ட். என்ஜின் மேல் ஒலிவாங்கி போன்ற ஒரு கருவியை வைத்தார்கள். நாக்கிங் சத்தம் கேட்ட உடனே மின்சார வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் என்ஜின் தப்பிக்கும். 1982-ம் ஆண்டு மாடல்களில் இது வந்தது. வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் காதைக் கொடுத்தார்கள், கெட்டிக்காரத்தனம் அதுதான்.

எதை வாங்குவது?

கடையில் மலிவாகக் கிடைப்பது, காற்றைச் சிறு துளை வழியாகக் கசியவிடும் திருகு வால்வு. இது எதையும் அளந்து பார்ப்பதில்லை. குளிர்ந்த காலையில் ஓர் அளவு, மத்தியான வெயிலில் வேறு அளவு என்று அழுத்தம் மாறலாம். குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள வால்வு இதைவிடத் தேவலை. அழுத்தம் வேகமாக ஏறும். பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும். ஆனால் இதற்கும் காது கிடையாது.

மூன்றாவது, மின்சாரத்தால் இயங்குவது. அழுத்தத்தை அளந்துகொண்டே, விநாடிக்குப் பல முறை வால்வைத் திறந்து மூடும். அளவு மீறினால் தானே இறக்கிவிடும் வசதி பலவற்றில் உண்டு. விலை அதிகம்தான். என்றாலும் என்ஜின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாங்கும்போது ஒரு கேள்வி அவசியம்: "ஒயர் அறுந்தால் என்ன ஆகும்?" மின்சாரம் நின்றதும், ஸ்பிரிங்கின் பழைய அளவுக்கே அழுத்தம் இறங்க வேண்டும். அதற்கு மாறாக ஏறுமானால் அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். ஸ்பிரிங் 7 ராத்தலுக்கு என்றால், அதற்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் இறக்க முடியாது. ஏற்றத்தான் முடியும்.

இக்காலத்து டர்போ கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும், கம்ப்யூட்டரே இந்த வேலையைச் செய்கிறது. அதில் போய்த் திருகு வால்வை மாட்டினால் இரண்டும் சண்டை போடும். கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டு சக்தியைக் குறைத்துவிடும். குடும்பத்தோடு போகிற காருக்கு இந்த வால்வு தேவையே இல்லை. ஆசை விடவில்லை என்றால், விவரம் தெரிந்தவரிடம் கம்ப்யூட்டரின் கணக்கையே, பெட்ரோல் அளவையும் சேர்த்து, மாற்றச் சொல்லலாம். கம்பெனி உத்தரவாதம் போகலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பழைய காரில் மாட்டுகிறவர்கள், முதலில் அழுத்தம் காட்டும் மீட்டரை வாங்க வேண்டும். மீட்டர் இல்லாமல் திருகைத் தொடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல! பிறகு சிலிண்டர்களின் அமுக்கத்தைச் சோதிக்க வேண்டும். தேய்ந்த என்ஜினாக இருந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். நல்ல என்ஜின் என்றால் ஒரு ராத்தல் ஏற்றி, ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் வெள்ளைப் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. திருகை உடனே பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, காரை நேரே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.