வீட்டுக் கோழியும் கீரைப் பாத்தியும்: நோயாளிகள் உள்ள குடும்பங்களுக்கான விளக்கம்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலும் மதுரை மாநகரின் புறநகர்ப் பகுதிகளிலும் வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து நாட்டுக் கோழிகளும் அருகிலேயே ஒரு கீரைப் பாத்தியும் இருப்பது இயல்பான காட்சி. பாத்திரம் கழுவிய நீர் பாத்திக்குப் பாய்கிறது. ஈரமண்ணைத் தேடிக் கோழிகள் அங்கே செல்கின்றன. முளைத்த கீரையைக் கொத்துகின்றன, மண்ணைச் சீய்க்கின்றன, அங்கேயே எச்சமிடுகின்றன. பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தோட்டத்துக்கு நேர்ந்த சேதமாக மட்டுமே கருதுகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவர் அவ்வீட்டில் இருந்தால், இது உடல்நலம் சார்ந்த சிக்கலும் ஆகும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நலமாகத் தோன்றும் கோழியின் குடலிலும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் ஆகிய பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அவை எச்சத்தின் வழியாக மண்ணிலும் இலைகளிலும் படிந்து, கைகள் வழியாகவோ பச்சையாக உண்ணும் உணவு வழியாகவோ நம் உடலுக்குள் செல்கின்றன. நலமுடன் உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சில நாட்கள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து தணிந்துவிடும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்வோர், ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்ட காலமாக உட்கொள்வோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர், அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியோர் ஆகியோருக்கு இத்தொற்று இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

டைபாய்டு காய்ச்சல் கோழியிடமிருந்து வருவதாகச் சிலர் அஞ்சுகின்றனர். டைபாய்டை உண்டாக்குவதும் ஒரு வகை சால்மோனெல்லாவே; ஆனால் அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது. வீட்டுக் கோழிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கோழிகளை விற்றுவிட வேண்டுமா என்பது நோயாளிகளின் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவையில்லை. முட்டை குழந்தைகளுக்குப் புரதம். அதை விற்ற காசு வீட்டுப் பெண்களின் கையில் நேரடியாகச் சேரும் வருமானம். கோழி உலவும் இடத்தையும், உணவு விளையும் இடத்தையும், நோயாளி புழங்கும் இடத்தையும் தனித்தனியே பிரிப்பதே தேவை.

முதலில் எதைக் காக்க வேண்டும்?

நன்கு வேகவைத்தால் இந்தப் பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். ஆகவே பொரியலாகவோ கடைசலாகவோ சமைக்கும் கீரையைவிட, பச்சையாக உண்ணும் மல்லித்தழை, புதினா, தக்காளி, வெள்ளரி ஆகியவையே முதன்மையான கவனத்துக்குரியவை. இவற்றைக் கோழிக்கு எட்டாத மாடியில் பைகளில் வளர்ப்பது எளிது. முருங்கைக்கும் வளர்ந்த கறிவேப்பிலை மரத்துக்கும் வேலி தேவையில்லை.

புதிய கோழி எச்சத்தை நேரடியாகப் பாத்தியில் உரமாக இடுவதைக் கைவிட வேண்டும். அதை இலைதழைகளுடன் சேர்த்து நன்கு மட்கச் செய்து பயன்படுத்துவதே முறை. மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்கு மட்காத எருவை இட்டிருந்தால், அறுவடைக்கு முன் குறைந்தது 120 நாட்கள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. ஒரு மாதத்துக்குள் பறிக்கும் கீரைக்கு இது பொருந்தாது என்பது வெளிப்படை.

வேலியும் கூடும்

சிறுவிடைக் கோழி எடை குறைந்தது. எளிதாகப் பறந்து மரக்கிளையில் அடையும். இடுப்பளவு வேலி அதற்கு ஒரு தடையே அன்று. கம்பி வலையானாலும் பழைய மீன்வலையானாலும் 6 அடி உயரம் வேண்டும். வலையின் உச்சியில் மூங்கிலோ மரச்சட்டமோ படுக்கையாக வைக்கக் கூடாது. கோழி நேராகத் தாண்டுவது குறைவு. உட்காரத் தெரியும் விளிம்பில் ஏறி அமர்ந்து, பிறகே மறுபுறம் குதிக்கும். விளிம்பு தொய்வாக இருந்தால் பெரும்பாலும் முயலாது. அடிப்பகுதியில் இடைவெளி இருந்தால் குஞ்சுகள் நுழையும். கீரிப்பிள்ளையும் உள்ளே வரும்.

இடம் குறைவான வீடுகளில் கோழியை அடைப்பதைவிடப் பாத்தியை அடைப்பது செலவு குறைந்தது. இளம் நாற்றுகளின் மேல் பஞ்சாரத்தையே கவிழ்த்து வைக்கலாம்.

கோழி ஏன் தாண்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அது நிழலையும் ஈரத்தையும் நாடுகிறது. மண்குளியல் அதன் இயல்பு. அடைப்புக்குள் நிழலும், தண்ணீரும், சாம்பல் கலந்த மணல் குழியும் இருந்தால் பாத்தியை நாடுவது குறையும். மாலைத் தீவனத்தைக் கூட்டுக்குள் மட்டுமே வைத்தால், பொழுது சாயும் முன் தானாக வந்து அடையும். சிந்திய தீவனத்தை இரவில் விட்டுவைக்க வேண்டாம். அது எலிகளை வரவழைக்கும். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும்.

அப்படியும் பறக்கும் கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நீண்ட வெளி இறகுகளை மட்டும் வெட்டலாம். சமநிலை இழப்பதால் உயரப் பறக்க இயலாது. முதிர்ந்த இறகை வெட்டுவதால் வலி இல்லை. வளரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடுவதால் அதை வெட்டக் கூடாது. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தபின் மீண்டும் பறக்கும். இவ்வாறு வெட்டிய கோழி நாயிடமிருந்து தப்பிக்க முடியாது என்பதால், அடைப்புள்ள வீடுகளுக்கு மட்டுமே இம்முறை ஏற்றது.

கூட்டைச் சுத்தம் செய்தல், இறகு வெட்டுதல், கோழி உரித்தல் ஆகிய பணிகளை மேலே குறிப்பிட்ட நோயாளிகள் செய்ய வேண்டாம். மற்றவர்கள் எச்சத்தின் மீது நீர் தெளித்து, தூசி பறக்காமல், முகக்கவசம் அணிந்து கூட்ட வேண்டும். ஆஸ்துமா உள்ளோர் அப்போது விலகி இருக்க வேண்டும். பின்னர் சோப்பினால் 20 வினாடிகள் கைகழுவுதல் கட்டாயம். கோழிக் கொட்டகைக்கெனத் தனிச் செருப்பு வைத்துக்கொள்வது நல்லது. நோயாளிக்கு அரைவேக்காட்டு முட்டை தரக் கூடாது.

எப்போது உதவி நாட வேண்டும்?

வயிற்றுப்போக்கில் இரத்தம், 102 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே வர வேண்டும். வீட்டில் கோழி இருப்பதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொடுக்கலாம். மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கித் தர வேண்டாம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

கோழிகள் திடீரென ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால் வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்தியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் மனிதர் இறந்தது 2021-இல் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. இறந்தவர் ஒரு சிறுவர். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி முகாம்களைக் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசமாக நடத்துகிறது. கூடு அமைத்தல், தீவனம் குறித்த ஐயங்களுக்குத் திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தை அணுகலாம்.