ஊர் வீடு ஒழுகுதா? லோன் போடறதுக்கு முன்னாடி பத்திரத்தைப் பாருங்க

ஐப்பசி அடைமழை. தஞ்சாவூர்லேர்ந்து அம்மா போன்: "கூடத்துல மூணு இடத்துல பாத்திரம் வெச்சிருக்கேன்டா." நீங்க சென்னையில பெர்சனல் லோன் ஆப்பைத் திறக்கறீங்க. கொஞ்சம் நில்லுங்க.

வீடு யார் பேர்ல இருக்கு? தாத்தா பேர்லயே கிடந்தா, வட்டி குறைவான வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் கிடைக்கறது கஷ்டம். பழைய வரி முறையில அந்த வட்டிக்கு வருஷம் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு, ஆனா உரிமையாளருக்குத்தான். வீடு அப்பா பேர்ல, இஎம்ஐ உங்க பேர்லன்னா ஒண்ணும் கிடையாது. பங்கு பிரிக்காத வீடுன்னா சித்தப்பா, அத்தைகிட்ட முதல்ல பேசிடுங்க. செலவு பண்ணதுக்காக உங்க பங்கு தானா கூடாது.

இன்சூரன்ஸ்? 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா, 2018 கஜா மாதிரி புயல் ஓட்டைப் பிச்சுக்கிட்டுப் போனா கைகொடுக்கும். பழசாகி ஒழுகறதுக்குத் தராது.

உத்திரம் செல்லரிச்சுத் தொங்குதுன்னா காத்திருக்காதீங்க. அந்த அறையைக் காலி பண்ணி உடனே ஆள் கூப்பிடுங்க. கடன் வாங்கினாலும் தப்பில்லை. வெறும் ஒழுகல்னா தார்ப்பாய் போட்டு மழையை ஓட்டுங்க, ஈரத் தளத்துல பூச்சு ஒட்டாது. 60,000 ரூபாய் எஸ்டிமேட்டா? நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரை மாசம் 10,000 தனியா எடுத்து வைங்க. சித்திரை வெயில்ல வேலை. மரக்கட்டை மேல செங்கல் அடுக்கின மெட்ராஸ் டெரஸ்னா, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரை இப்பவே சொல்லி வைங்க. மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே அடைஞ்சு கட்டை மக்கும்.