வாப்பாவின் தைராய்டு கட்டியும் பிள்ளைகளின் பரிசோதனையும்

வாப்பாவுக்குத் தைராய்டில் 'மெடுல்லரி' வகைப் புற்றுநோய் என்றால், ஆபரேஷனோடு விஷயம் முடிந்துவிடாது. 'ரெட்' மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். 'மென் 2' என்ற பரம்பரை நோய்க்கு அதிலுள்ள கோளாறே காரணம் என்பது 1993-இல் தெரியவந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வர 50 சதவீத வாய்ப்புண்டு.

சம்பந்தம் தட்டிப்போகும் என்று சிலர் மறைக்கிறார்கள். சொந்தச் சகோதரர்களிடம்கூடச் சொல்வதில்லை. அவர்களும் சோதிக்க வேண்டியவர்கள்தானே!

கோளாறுள்ள குழந்தைக்குப் புற்றுநோய் வருமுன்பே, பெரும்பாலும் 5 வயதையொட்டி, தைராய்டை அகற்றிவிடுகிறார்கள். கடுமையான வகையில் 1 வயதுக்குள்ளேயே. பிறகு ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை. ஓடியாடும் பிள்ளையைக் கத்திக்குக் கொடுப்பதா என்று உம்மா கலங்குவது இயல்பு. ஆனால் பரவியபின் முழுக் குணம் அரிது. அட்ரினல் கட்டி வருகிறதா என்றும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

கோளாறு இல்லாத பிள்ளைக்கு இவை எதுவும் தேவையில்லை.