முறைத் தண்ணீரும் பிறரன்பும்

கோடைக்காலத்தில் நம் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், வந்த காரணத்தைக் கேட்பதற்கு முன்னே ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். நாம் யாரும் அதைப் பெரிய அறச்செயலாக எண்ணுவதில்லை. அது நம் பழக்கம். பாலைவனத்தின் நடுவே அமைந்த ஒரு மாநகரத்தில் இதே பழக்கம் வேறொரு வடிவத்தில் வாழ்கிறது. அதைக் குறித்து இன்று சற்றுச் சிந்திப்போம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரன் பாலைவனத்தில் இருக்கிறது ஃபீனிக்ஸ் நகரம். 2023-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள்கள், அங்கே பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தாண்டியது. இரவிலும் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் பல. நிழலில்லாத தார்ச்சாலை 70 டிகிரி வரை சுடுகிறது. தடுக்கி விழுந்து, எழ முடியாமல் சில நிமிடங்கள் அதில் கிடந்தவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குச் செல்கிறார்கள்.

இத்தகைய இடத்தில் மனிதர் எப்படிக் குடியேறினர்? வாய்க்கால்களால்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹோஹோகாம் எனப்படும் மக்கள், இரும்புக் கருவிகளோ பாரம் இழுக்கும் விலங்குகளோ இல்லாமல், சால்ட் ஆற்றிலிருந்து நீண்ட வாய்க்கால்களை வெட்டினார்கள். 1860-களில் வந்து குடியேறியவர்கள் அந்தப் பழைய தடங்களிலேயே மீண்டும் தோண்டினார்கள். 1911-இல் ரூஸ்வெல்ட் அணை திறக்கப்பட்டது. 'சால்ட் ரிவர் ப்ராஜெக்ட்' என்னும் அமைப்பு இன்றும் இந்த வாய்க்கால்களைப் பராமரித்து நீர் வழங்கி வருகிறது.

ஃபீனிக்சின் பழைய குடியிருப்புகள் சிலவற்றில், ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த அந்த நீர் இப்போது வீட்டுத் தோட்டங்களுக்குப் பாய்கிறது. தோட்டத்தைச் சுற்றி மண்ணால் சிறு வரப்பு கட்டியிருப்பார்கள். கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் முறை வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை நிமிடங்கள் என்று கணக்கு உண்டு. வாய்க்கால் மடையைத் திறந்துவிடும் பணியாளரை 'சான்ஹேரோ' என்று பழைய ஸ்பானியப் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். அவருடைய பொறுப்பு குடியிருப்புக்கு நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள சிறு வாய்க்கால்களும் குழாய்களும் வால்வுகளும் வீட்டுக்காரர்களுடைய பொறுப்பு.

முறை பகலில்தான் வரும் என்றில்லை. இரவு 2 மணிக்கும் வரும். அந்த நேரத்தில் ஒருவர் கைவிளக்கோடு எழுந்து சென்று, தன் தோட்டத்து வால்வைத் திறக்கவேண்டும். நேரம் முடிந்ததும் மூடவேண்டும். தூங்கிவிட்டால் தண்ணீர் அவரைக் கடந்துபோய்விடும். மூட மறந்தால் அடுத்த வீட்டுக்காரரின் நேரம் வீணாகும். ஆக, ஒருவர் மூடினால்தான் மற்றவருக்குக் கிடைக்கும். இந்த ஏற்பாட்டில் 'நான் உண்டு, என் வீடு உண்டு' என்று யாராலும் இருக்க முடியாது.

இப்போது அந்தத் தெருவில் தனியாக வாழும் 80 வயதுத் தாய் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். வால்வைத் திருக அவர் கையில் வலுவில்லை. இருட்டில் ஈரமண்ணில் நடந்தால் வழுக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் தவறினால் புல் காய்ந்துவிடும். தொடர்ந்து தவறினால் மரமும் பட்டுப்போகும். மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் சுவர் சூடேறும், வீட்டுக்குள் வெப்பம் கூடும், குளிர்சாதனத்துக்கான மின்கட்டணமும் ஏறும். கட்டணத்துக்குப் பயந்து அவர் அதை நிறுத்திவைக்கலாம். திறக்கப்படாத ஒரு வால்வில் தொடங்கியது ஓர் உயிரின் ஆபத்தில் போய் முடிகிறது.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. ஃபீனிக்ஸ் அமைந்துள்ள மாரிகோப்பா மாவட்டத்தில், 2023-இல் மட்டும் வெப்பத்தோடு தொடர்புடைய இறப்புகள் 645. அவர்களுள் வீடற்றவர்கள் பலர். பாதிக்கு மேற்பட்டவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களில் பலருடைய வீட்டில் குளிர்சாதனம் இருந்தது; ஆனால் இயங்கவில்லை. யாராவது ஒருவர் கதவைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால்தான் அங்கே நல்ல அயலார் தங்கள் முறைக்கு எழும்போதே, முடியாத வீட்டின் வால்வையும் சேர்த்துத் திறந்து மூடுகிறார்கள். வரப்பு உடைந்திருந்தால் மண் அணைக்கிறார்கள். சொட்டுநீர்க் குழாய் உள்ள வீடுகளில், உப்புப் படிந்து அடைபட்ட துளைகளைச் சுத்தம் செய்கிறார்கள். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய், மீண்டும் உள்ளே கொண்டுவந்து வைக்கிறார்கள். இவற்றையெல்லாம் விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறார்கள். நண்பகலில் வெளியே வேலை செய்தால் உதவப் போனவருக்கும் உதவி தேவைப்படும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால், அதைச் சற்று ஓடவிட்ட பிறகே பயன்படுத்துகிறார்கள்.

வேலையை முடித்துவிட்டு, கதவைத் தட்டி இரண்டு வார்த்தை பேசுவது எல்லாவற்றிலும் முக்கியமானது. வீடு உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறதா? தண்ணீர் குடித்தாரா? முதியவர்களுக்குத் தாகம் எளிதில் தெரிவதில்லை. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உடலைக் குளிர்விக்காது, மேலும் சூடாக்கும். பேச்சுக் குழறினாலோ, ஆள் குழம்பிப்போயிருந்தாலோ, உடனே மருத்துவ உதவிக்கு அழைத்து, அது வரும்வரை ஈரத்துணியாலும் தண்ணீராலும் உடலைக் குளிர்விக்கவேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. உதவி தேவைப்படுவோர் பலர் அதைக் கேட்பதில்லை. 'யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது' என்பதே அவர்கள் எண்ணம். நண்பகல் வெயிலில் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்திருந்த இயேசுவை இங்கே நினைவுகூர்வோம். களைத்திருந்த அவர் சமாரியப் பெண்ணிடம் தாமே தண்ணீர் கேட்டார். தம் தேவையைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. அந்த வேண்டுகோளிலிருந்தே ஓர் உறவு பிறந்தது. கேட்பது தாழ்வல்ல. கொடுப்பவர் 'உங்களுக்கு உதவி வேண்டுமா?' என்று கேட்பதைவிட, 'என் முறைக்கு எழத்தான் போகிறேன், உங்களுடையதையும் திறந்துவிடட்டுமா?' என்று கேட்டால், பெறுபவரின் மதிப்பும் காக்கப்படும்.

நம் தெருவில் வால்வும் வரப்பும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் குடத்தைத் தூக்க முடியாத பாட்டி இருக்கிறார். மாடி அறையில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் நோயாளி இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய கதவுக்குள் தனித்திருக்கும் பெரியவர் இருக்கிறார். ஞாயிறு திருப்பலியில் வழக்கமாக அமரும் இடத்தில் அவரைக் காணவில்லை என்றால், அன்று வீடு திரும்பும் வழியிலேயே அவர் கதவைத் தட்டுவோம். தண்ணீர் நம்மிடம் வருவது நம்மோடு நின்றுவிட அல்ல. நம்மைக் கடந்து அடுத்தவருக்குப் போகவும்தான். இந்தக் கோடையில் நம் முறையை நாம் தவறவிடாதிருப்போம்.