வீட்டுத் தொழில்: எது நிஜம், எது மோசடி?

வீட்டிலிருந்தபடியே சம்பாதிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுவது, திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுவது, ஊர்தோறும் அப்பளமும் தையலும் என்று பல குடும்பங்களின் அடுப்பு இதனால்தான் எரிகிறது. இந்தத் தேவையைக் குறிவைத்தே மோசடிகளும் நடக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது லிஜ்ஜத் அப்பள நிறுவனம். பிசைந்த மாவை நிறுவனமே தருகிறது. உறுப்பினர்கள் அதை வீட்டில் தேய்த்துக் காயவைத்துக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். அப்பளம் கடையில் விற்கிறது. வாங்கிச் சாப்பிடுபவர் தரும் காசுதான் கூலியாகிறது.

பெருந்துறையில் தொடங்கிப் பரவிய ஈமு பண்ணைத் திட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதலீடு கட்டினால் குஞ்சு, தீவனம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை, வளர்ந்த பறவையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி எல்லாம் உண்டு என்றார்கள். ஆனால் ஈமு இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ சொல்லும்படியான சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணமே பழையவருக்குப் போனது. சேருவோர் குறைந்ததும், 2012இல் எல்லாம் சரிந்தது. கொட்டகைகளில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியதாயிற்று.

இன்று அதே கதை இயந்திரங்களின் பெயரில் நடக்கிறது. சாம்பிராணி, ஊதுபத்தி, பேப்பர் தட்டு தயாரிக்கும் இயந்திரத்தை வாங்கினால் சரக்கு முழுவதையும் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், ‘தரம் திருப்தியாக இருந்தால்’ என்று ஒரு வரி இருக்கும். முதல் லோடுக்குப் பிறகு எந்தச் சரக்கும் அவர்களுக்குத் திருப்தி தராது. இயந்திரத்தின் விலையோ வெளிச்சந்தையைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

தொழிலுக்கு முதல் போடுவது தவறல்ல. தையல் மெஷின் வாங்கினால் அது வாங்கியவருக்குச் சொந்தம்; தைத்ததை யாருக்கும் விற்கலாம். வேலை தருவதற்கே ‘பதிவுக் கட்டணம்’, ‘டெபாசிட்’ கேட்பதுதான் ஆபத்து. பென்சில் பேக்கிங் வேலை என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்கள் இந்த வகை. டேட்டா என்ட்ரி வேலையில் சிலர், பிழை அதிகம் என்று காரணம் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அபராதம் கேட்பார்கள். வேலையை முடிக்காததற்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்யாது. பயந்து பணம் அனுப்பக் கூடாது.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பார்கள். முதலில் நூறு, இருநூறு ரூபாய் வந்துவிடும். நம்பிக்கை வந்தபின், கூடுதல் லாபத்துக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டியதை எடுக்கப் போனால் வரி என்ற பெயரில் இன்னும் கேட்பார்கள். இந்தப் பணம் வந்து போகக் கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கைக் கடன் கொடுத்தவரோ போலீஸ் விசாரணையில் சிக்குவார்.

பதிவுச் சான்றிதழைக் காட்டினாலும் உடனே நம்பிவிடக் கூடாது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, சுய அறிவிப்பின் பேரில் இலவசமாகக் கிடைப்பது. ஜிஎஸ்டி எண், வரிக்குப் பதிந்ததைத்தான் காட்டும். இரண்டும் நேர்மைக்கு உத்தரவாதம் அல்ல. ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் சங்கிலித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நேரடி விற்பனை நிறுவனங்கள் சேர்க்கைக் கட்டணம் வாங்க 2021 விதிகள் அனுமதிப்பதில்லை.

பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டியவை மூன்று: சரக்கைக் கடைசியில் காசு கொடுத்து வாங்குபவர் யார்? அதே இயந்திரம் வெளியில் என்ன விலை? நிறுவனம் அறிமுகப்படுத்தாத, நாமே தேடிப் பிடித்த பழைய உறுப்பினர் என்ன சொல்கிறார்? இதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் ‘இன்றே கடைசி நாள்’ என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுவதே நல்லது.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. இணையவழியில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். முதலீட்டு மோசடிகளுக்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருந்தால் அவையே சாட்சியாகும்.