வண்டி மாட்டுக்கு லாடம்: ஆணி எங்கே இறங்க வேண்டும்?

(பண்ணை ஒலிபரப்பில் இடம்பெற்ற பேச்சு)



யாரையாவது மிரட்ட வேண்டுமானால் "லாடம் கட்டிடுவேன்" என்று சொல்வது நம் ஊர்ப் பேச்சு. மாட்டைத் தள்ளி, காலைக் கட்டி, ஆணி அடிப்பதைப் பார்த்தவர்கள் வாயில் வந்த பேச்சு அது. ஆனால் ஒழுங்காகக் கட்டினால் லாடம் தண்டனை இல்லை. அது மாட்டுக்குச் செருப்பு. ஒழுங்கில்லாமல் கட்டினால்தான் தண்டனை. மாட்டுக்கு மட்டுமல்ல, மாட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். ஜோடியில் ஒன்று நொண்டினால் இரண்டும் நிற்கும், வண்டி நிற்கும், வாடகை நிற்கும்.

லாடம் கட்டுபவர் தம் தொழிலைக் கற்றவர். அவருக்குப் பாடம் சொல்வதற்காக இந்தப் பேச்சு இல்லை. மாட்டுக்குச் சொந்தக்காரரான நீங்கள் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எந்த மாட்டுக்கு லாடம் வேண்டும்?

எல்லா மாட்டுக்கும் வேண்டியதில்லை. குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும் பொருள். மாதத்துக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் வளரும். மண் பாதையிலும் காட்டிலும் நடக்கும் மாட்டுக்கு எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவு வளர்ந்துவிடும். வரவும் செலவும் சரியாகிவிடும். தார் ரோடு, கப்பி ரோடு, பாறைப் பாதை என்று தினமும் பாரம் இழுத்தால் வளர்வதைவிடத் தேய்வது அதிகம். அந்த மாட்டுக்குத்தான் லாடம் தேவை.

உழவு மாட்டுக்குச் சேற்றில் லாடம் வேண்டாம். காவிரிக் கடைமடையில் உம்பளச்சேரி மாடுகள் தலைமுறை தலைமுறையாகச் சேற்று உழவு உழுது வந்தவை. சேற்றில் அவற்றுக்கு இரும்பு தேவைப்பட்டதில்லை. சேற்றில் ஊறினால் குளம்பு மெத்தென்று ஆகும், ஆணி தளரும், தளர்ந்த லாடத்தைச் சேறு உறிஞ்சி இழுக்கும். லாடம் போகும்போது குளம்பின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆகையால் வண்டிக்கும் உழவுக்கும் ஒரே ஜோடியை வைத்திருப்பவர்கள் தொளி உழவுக்கு முன்னால் லாடத்தைக் கழற்றிவிடுங்கள். உழவு முடிந்தவுடனே திரும்பக் கட்டவும் கூடாது. சில நாள் காய்ந்த தரையில் கட்டி, குளம்பு இறுகின பிறகு கட்டுங்கள்.

குளம்புக்குள் என்ன இருக்கிறது?

குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. அதற்கு நாலு லாடம் போதும். மாட்டுக்குப் பிளந்த குளம்பு. காலுக்கு இரண்டாக எட்டு லாடம்.

குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். வெளி ஓரமாகச் சுவர் மாதிரி ஒரு கெட்டியான பகுதி ஓடும். நம் நகம் போன்றதுதான் அது. அதில் நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆணி அடித்தால் வலிக்காது. அந்தச் சுவரை ஒட்டி உள்பக்கமாக வெளுப்பாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு உள்ளே, மேலாக, உயிருள்ள சதை இருக்கிறது. அங்கே ரத்தமும் உண்டு, வலியும் உண்டு.

மொத்த விஷயமும் இந்த வெள்ளைக்கோட்டில்தான் இருக்கிறது. ஆணி கோட்டுக்கு வெளியே இறங்கினால் லாடம். உள்ளே இறங்கினால் புண். மாட்டின் குளம்புச் சுவர் குதிரையினுடையதைவிட மெல்லியது. நெல்மணி அகலம் தப்பினாலும் சதையில் பட்டுவிடும். இரண்டு குளம்பும் ஒன்றையொன்று பார்க்கும் நடுப்பிளவுப் பக்கத்தில் சுவர் இன்னும் மெலிவு. குதிப்பக்கமும் அப்படியே. ஆகையால் ஆணி வெளி ஓரத்தில், நுனியிலிருந்து பக்கவாட்டு நடுப்பகுதி வரைக்கும்தான் வர வேண்டும். பிளவுப் பக்கமும் குதியிலும் ஆணி கூடாது.

லாடத்தைத் தேர்ந்தெடுப்பது

"கனமான லாடமாப் போடுங்க, ரொம்ப நாள் உழைக்கட்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. இது கணக்குத் தப்பு. லாடம் தேயாவிட்டாலும் அடியில் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் அதைக் கழற்றிக் குளம்பைச் சீவித்தான் ஆக வேண்டும். பின்னே எதற்குக் கூடுதல் கனம்? மாடு ஒவ்வொரு எட்டுக்கும் அந்த எடையைத் தூக்க வேண்டும். ஆணியும் சீக்கிரம் ஆட்டம் காணும். நீங்கள் போகிற பாதையில் ஒன்றரை மாதம் தாங்குகிற கனம் இருந்தால் போதும்.

அளவுதான் முக்கியம். லாடத்தைக் குளம்பின் மேல் வைத்துப் பாருங்கள். வெளி ஓரம் குளம்பின் ஓரத்தோடு ஓரமாக நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் அடுத்த காலில் இடிக்கும், கல்லில் மாட்டும். பிளவுப் பக்கம் நீட்டினால் இரண்டு லாடமும் உரசும். நடுவில் கல் சிக்கிக்கொள்ளும். ஓரம் உள்ளே அடங்கிப் போனாலோ, பாரம் சுவரில் இறங்காமல் அடிப்பாதத்தில் இறங்கும். மாடு கூசி நடக்கும்.

லாடம் பெரிதாக இருந்தால் லாடத்தைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். குளம்பு பெரிதாக இருக்கிறது என்று குளம்பைச் செதுக்கி லாடத்துக்குள் அடக்கக் கூடாது. அப்படிச் செய்தால் சுவர் மெலியும். ஆணிக்குப் பிடிமானமே போய்விடும். காலுக்குத்தான் லாடம், லாடத்துக்குக் கால் இல்லை.

இன்னொன்று, ஆணித்தலை. புதுசில் ஆணித்தலை லாடத்தைவிடக் கொஞ்சம் புடைத்து நிற்கும். அது தரையைக் கவ்வும். தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டால், மழை நனைத்த தார் ரோட்டில் அதே லாடம் வழுக்கும். வெறுங்கால் மாடுகூட நின்றுவிடும் இடத்தில் மொழுக்கை லாடம் போட்ட மாடு சறுக்கி விழும். மலைப்பாதை, பாலத்து இறக்கம் என்று போகிறவர்கள் இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

மாட்டைச் சாய்க்கும்போது

தீனி தின்று வயிறு முட்ட இருக்கும் மாட்டைச் சாய்க்காதீர்கள். விடியற்காலை வெறும் வயிறு நல்லது. வயிறு நிறைந்த மாட்டை வெகுநேரம் கிடத்தினால் உப்புசம் வரும். மணலோ வைக்கோலோ பரப்பிய இடம் வேண்டும். கல் தரையில் தொப்பென்று விழுந்தால் இடுப்பும் தோளும் அடிபடும். கயிற்றை முறையாகச் சுற்றி இழுத்தால் மாடு தானாக மடங்கி உட்காரும். காலை வாரிவிட வேண்டியதில்லை. பழகின ஒருவர் தலையை அமுக்கிப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். வேலை முடிந்த உடனே அவிழ்த்துவிடுங்கள்.

கோமாரி கண்ட மாட்டுக்கும், குளம்பில் புண் உள்ள மாட்டுக்கும் ஆறும்வரை லாடம் கட்டக் கூடாது.

சீவுவதும் ஆணி அடிப்பதும்

லாடம் உட்காரும் தளம் சமமாக இருக்க வேண்டும். நுனியில் நீண்டு வளர்ந்ததை எடுக்கலாம். அடிப்பாதத்தை ஆழமாகத் தோண்டக் கூடாது. சீவின இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கினால் அளவுக்கு மேல் சீவியாயிற்று என்று அர்த்தம். இரண்டு குளம்பும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் மூட்டில் கோணல் விழும். பிறகு லாடத்தை வைத்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது, ஆட்டமும் இருக்கக் கூடாது.

ஆணியின் நுனியில் ஒரு பக்கம் சரிவு இருந்தால், அந்தச் சரிவு உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆணி உள்ளே போகப் போக வெளியே வளைந்து வரும். ஒரு விரல்கிடை உயரத்தில் சுவரின் வெளிப்பக்கம் நுனி எட்டிப் பார்க்கும். அதை முறுக்கி ஒடித்து, மிச்சத்தை மடக்கித் தட்டி, அரத்தால் ராவ வேண்டும். நுனி மிகவும் கீழே வந்தால் பிடிமானம் இல்லை. மிகவும் மேலே வந்தாலும், வராமலே போனாலும் ஆபத்து. உடனே பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

காதையும் கொடுத்து வையுங்கள். கெட்டியான சுவரில் ஆணி இறங்கினால் சுத்தியல் சத்தம் கணீரென்று இருக்கும். சத்தம் மொத்தென்று மாறினாலோ, மாடு வெடுக்கென்று காலை இழுத்தாலோ, அந்த ஆணி தப்பான இடத்தில் போகிறது. "அடங்காத மாடு, அப்படித்தான் உதறும்" என்று விட்டுவிடாதீர்கள். மற்ற ஆணிக்கெல்லாம் சும்மா கிடந்த மாடு இந்த ஒரு ஆணிக்கு மட்டும் உதறுகிறது என்றால் காரணம் ஆணியில்தான் இருக்கிறது.

போன தடவை அடித்த பழைய துளையிலேயே திரும்ப அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். துளை தளர்ந்திருக்கும்; சுவர் பிளக்கும்.

கட்டின பிறகு

மாட்டை எழுப்பி, கெட்டித் தரையில் இருபது முப்பது அடி நடத்திப் பாருங்கள். லாடம் கட்டுபவர் மூட்டையைக் கட்டுவதற்குள் இது முடிய வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். தலையாட்டத்தை வைத்தே கால் எது என்று சொல்லிவிடலாம். முதல் நாள் பாரம் பூட்டாமல் இருப்பது நல்லது. மறுநாள் காலையில் எட்டுக் குளம்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே கோளாறு.

ஆணி பட்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் ஆணியைப் பிடுங்குங்கள். அந்தத் துளையில் திரும்ப அடிக்காதீர்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் கழுவி, டிங்சர் அயோடின் விட்டு, காலை ஈரம் படாமல் வையுங்கள். சாணி அப்புவதும், கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவதும் கூடவே கூடாது. டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக் கிருமி சாணியிலும் மண்ணிலும் இருப்பது. ஆழமான ஆணிக்காயம் அதற்கு அடைகாக்கிற கூடு மாதிரி. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டுவிடுங்கள். மாட்டை நடத்திக் கூட்டிப்போக முடியாதென்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். ரணஜன்னி முற்றினால் மாடு பிழைப்பது அபூர்வம். அரை நாள் வேலை போகிறதே என்று பார்த்தால் மாடே போய்விடும்.

எட்டில் ஒன்று விழுந்துவிட்டால்

வழியில் ஒரு லாடம் கழன்று விழுவது சகஜம். "இன்னும் ஏழு இருக்குதே, சந்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். ஒரே காலில் ஒரு குளம்பு உயரமும் ஒரு குளம்பு பள்ளமுமாக நடந்தால் கணு திருகும். அன்றைக்கே புதுசு கட்டுங்கள். ஆள் கிடைக்கவில்லையா? அந்தக் காலின் இன்னொரு லாடத்தையும் கழற்றிவிட்டு, பாரத்தைக் குறைத்து, மண்ணோரமாக ஓட்டி வாருங்கள். கழற்றும்போது மடக்கின ஆணி நுனியை முதலில் நிமிர்த்த வேண்டும். அப்படியே நெம்பினால் சுவர் பெயரும்.

சிலர் செலவை எண்ணி முன்னங்காலுக்கு மட்டும் கட்டுவார்கள். நிற்கும் மாட்டின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் இறங்குகிறது; முன்பாரமாக ஏற்றினால் நுகத்தடி வழியாக இன்னும் கூடும். ஆகவே சமதள ரோட்டுக்கு அது ஓரளவு சரி. ஏற்றத்தில் உந்தித் தள்ளுவது பின்னங்கால். மேடு பள்ளமான பாதையில் நாலு காலுக்கும் கட்டுவதுதான் முறை.

லாடம் கட்டிவிட்டோம் என்று பாரத்தையும் நேரத்தையும் கூட்டவும் கூடாது. 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி வண்டி மாட்டை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரிக்கு மேல் போகிற ஊரில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கொதிக்கிற தாரில் இரும்பு சுடும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆக, தோழர்களே, நினைவில் வைக்க வேண்டியவை இவை. காய்ந்து இறுகின குளம்பு. காலுக்குச் சரியான லாடம். வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஆணி. கட்டின உடனே ஒரு நடை. மாதம் ஒரு தடவை ஆணித்தலைகளைப் பார்வை. லாடம் கட்டுபவர் வேலை முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்தக் காலோடு தினமும் ரோட்டில் நடக்கப் போவது உங்கள் மாடு. பக்கத்திலேயே நின்று பார்த்துக் கட்டுங்கள்.